கள்ளக்குறிச்சி மாவட்டச் சிறுதொழில்களில் சாயப் பதங்கமாதல் அச்சுப்பொறி

சாயப் பதங்கமாதல் அச்சுப்பொறி என்பது வெப்பத்தால் சாயத்தை ஆவியாக்கி, தாள், துணி, நெகிழி அட்டை, பீங்கான் போன்றவற்றின் மேற்பரப்புக்குள் ஊடுருவச் செய்து படம் பதிக்கும் கருவியாகும். பேச்சு வழக்கில் இது 'சப்ளிமேஷன் பிரிண்டர்' எனப்படுகிறது. புகைப்பட நிலையங்கள், அடையாள அட்டை அச்சிடும் கடைகள், பரிசுப் பொருள் கடைகள், விளையாட்டுச் சீருடை தைப்போர் ஆகியோர் இதனைப் பயன்படுத்துகின்றனர். இக்கட்டுரை, கள்ளக்குறிச்சி நகரம், அதைச் சுற்றியுள்ள சிற்றூர்கள், கல்வராயன் மலை ஆகிய இடங்களின் சூழலைக் கொண்டு, ஒரு சிறுதொழிலுக்கு ஏற்ற பொறியைத் தெரிவு செய்யும் முறையை விளக்குகிறது.

பெயரும் வகைகளும்

திண்மம் உருகி நீர்மம் ஆகாமல் நேரடியாக வளிமம் ஆவது பதங்கமாதல் எனப்படும். பூசைக்கு ஏற்றும் சூடம் இதற்குப் பழக்கமான எடுத்துக்காட்டு. பாலியஸ்டர் இழைக்குச் சாயமேற்றப் பயன்படும் சிதறல் சாயங்களுக்கும் இப்பண்பு உண்டு. 1957-இல் பிரான்சின் ரூபே நகரத் துணி ஆலை ஒன்றில் பணியாற்றிய நோயல் தெ பிளாஸ் என்பவர், இச்சாயங்கள் வெப்பத்தில் ஆவியாகி வேறொரு பரப்புக்கு மாறுவதைக் கண்டறிந்தார். தாளில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும் தொழில் இதிலிருந்து வளர்ந்தது.

இன்று ஒரே பெயரில் மூன்று வேறுபட்ட பொறிகள் விற்கப்படுகின்றன. ஒன்றை வாங்கிவிட்டு மற்றொன்றின் வேலையை அதில் செய்ய இயலாது. புதிதாகத் தொழில் தொடங்குவோர் பணத்தை இழக்கும் முதல் இடம் இதுவே.

1. ரிப்பன் வகைப் புகைப்பட அச்சுப்பொறி. மஞ்சள், கருஞ்சிவப்பு, பசுநீலம் ஆகிய சாயங்கள் பூசப்பட்ட ரிப்பன் இதில் உள்ளது. சூடாகும் நுண்புள்ளிகளைக் கொண்ட அச்சுமுனை ரிப்பனை அழுத்த, சாயம் சிறப்புத் தாளுக்குள் செல்கிறது. இறுதியாக ஒளிபுகும் காப்புப் படலம் ஒன்று ஒட்டப்படுகிறது. இதில் சாயம் பெரும்பாலும் ஊடுபரவல் முறையில் இடம் மாறுவதால், துறை வல்லுநர்கள் இதனைச் 'சாய ஊடுபரவல் வெப்ப மாற்று முறை' என்கின்றனர். டிஎன்பி, மிட்சுபிசி, சிட்டிசன், ஹைட்டி, கேனான் செல்ஃபி ஆகியவை இவ்வகையின.

2. அட்டை அச்சுப்பொறி. மேற்கூறிய ரிப்பன் முறையையே பிவிசி அட்டையில் செய்வது இது. அட்டையின் அளவு 85.6 × 53.98 மி.மீ. ரிப்பனில் மூன்று வண்ணங்களுடன் எழுத்துகளுக்கான கறுப்புப் பகுதியும் காப்புப் படலமும் இருக்கும். ஃபார்கோ, எவாலிஸ், சீப்ரா ஆகிய பெயர்களில் இவை கிடைக்கின்றன.

3. மை வகைப் பதங்கமாதல் அச்சுப்பொறி. இது பார்வைக்குச் சாதாரண மைத்தெளிப்பு அச்சுப்பொறி போன்றது. ஆனால் அதனுள் பதங்கமாதல் மை இருக்கும். படம் முதலில் தாளில் கண்ணாடி பிம்பமாக, இடவலம் மாறி அச்சாகும். பின்னர் ஹீட் பிரஸ் எனப்படும் சூட்டு அழுத்தியில் வைத்து மக், பாலியஸ்டர் பனியன், சாவிக்கொத்து முதலியவற்றுக்கு மாற்றப்படும். எப்சன் நிறுவனம் இதற்கெனவே ஏ4 அளவு முதல் பெரிய அளவு வரை பொறிகளைத் தயாரிக்கிறது. சாதாரண மைத்தொட்டி அச்சுப்பொறியில் பதங்கமாதல் மையை ஊற்றிப் பயன்படுத்துவதும் பரவலாக உள்ளது. அவ்வாறு செய்தால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொருந்தாது.

கள்ளக்குறிச்சிச் சூழல்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி, 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகமும் பிற மாவட்ட அலுவலகங்களும் இங்கு வந்தன. விண்ணப்பங்களுக்கான ஒளிப்படம், நகல், அடையாள அட்டை ஆகியவற்றின் தேவை இத்தகைய அலுவலகங்களைச் சுற்றியே அமைகிறது. சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் வழியாகச் செல்வதால், சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் தாளும் ரிப்பனும் பேருந்துப் பார்சலில் பெறக்கூடியவை.

மாவட்டத்தின் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை உள்ளது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை வட்டம் இயங்குகிறது. மலையாளி எனப்படும் பழங்குடியினர் இங்குப் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். சிறிய ஊர்கள் ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்திருப்பதால், ஓர் ஒளிப்படத்துக்காக மலையிறங்குபவருக்குப் பேருந்துக் கட்டணத்துடன் ஒரு நாள் கூலியும் செலவாகிறது. எனவே மலையில் ஒரு சிறு அச்சுப்பொறி இருப்பது வணிகமாக மட்டுமின்றிச் சேவையாகவும் அமைகிறது. ஆனால் அங்கு வாடிக்கையாளர் எண்ணிக்கை குறைவு. பொறி பழுதானால் பழுதுபார்ப்பவர் மேலே வர வேண்டும் அல்லது பொறி கீழே இறங்க வேண்டும். இவ்விரண்டும் தெரிவில் பெரும் பங்கு வகிக்கின்றன.

திருவிழாக்கள் மற்றொரு வாய்ப்பாகும். உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகம் கூத்தாண்டவர் கோயிலின் சித்திரைத் திருவிழாவிற்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து திருநங்கையர் வருகின்றனர். இத்தகைய கூட்டங்களில் படமெடுத்து உடனே கையில் தருவோருக்கு ரிப்பன் வகைப் பொறியே பொருந்தும். ஏனெனில் அச்சு வெளிவரும்போதே உலர்ந்திருக்கும், விரல் ரேகை படியாது, நீர்த்துளி பட்டாலும் கலையாது.

தொழிலை முதலில் தீர்மானித்தல்

பொறியின் விலையை விசாரிக்கும் முன் எதை விற்கப்போகிறோம் என்பதைத் தீர்மானித்தல் வேண்டும்.

விண்ணப்ப ஒளிப்படம். கடவுச்சீட்டு அளவு எனப்படும் 3.5 × 4.5 செ.மீ. படங்களில் எட்டு, 4 × 6 அங்குலத் தாள் ஒன்றில் அடங்கும். நீளவாக்கில் நான்கு படங்கள் 14 செ.மீ., அகலவாக்கில் இரண்டு படங்கள் 9 செ.மீ.; தாளின் அளவு சுமார் 15.2 × 10.2 செ.மீ. என்பதால் வெட்டுவதற்கான ஓரமும் மிஞ்சும். ஆகவே இத்தொழிலுக்கு 4 × 6 அங்குலம் அச்சிடும் பொறி போதுமானது. எனினும் ஆதார் பதிவு மையங்களிலும் கடவுச்சீட்டு சேவை மையங்களிலும் படம் அங்கேயே எடுக்கப்படுகிறது. பல தேர்வு விண்ணப்பங்களுக்குப் படத்தைப் பதிவேற்றினால் போதும். அச்சுப் படத்தின் தேவை முன்பு போல் இருக்கும் என எண்ணி முதலீடு செய்வது சரியன்று.

பரிசுப் பொருள். பிறந்தநாள் மக், பள்ளி ஆண்டுவிழா நினைவுப் பொருள், கட்சி மற்றும் மன்றப் பனியன் ஆகியவற்றுக்கு மை வகைப் பொறியும் சூட்டு அழுத்தியும் தேவை. இங்கு மூன்று வரம்புகள் உள்ளன. சிதறல் சாயம் பருத்தியில் பிடிக்காது. பாலியஸ்டர் அல்லது பாலியஸ்டர் மிகுந்த துணி வேண்டும். பதங்கமாதல் மையில் வெள்ளை நிறம் இல்லை. ஆகவே கறுப்பு, நீலம் போன்ற அடர்நிறத் துணியில் படம் தெரியாது. பீங்கானும் உலோகமும் பாலியஸ்டர் பூச்சுப் பெற்றவையாக இருக்க வேண்டும்; பாத்திரக் கடையில் வாங்கிய மக்கில் படம் பதியாது.

மரப்பொருள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. மரச்சிற்பப் பட்டறைகள் தங்கள் பொருளில் பெயரோ படமோ பதிக்க இப்பொறியை நாடுவதுண்டு. பூச்சில்லாத மரத்தில் பதங்கமாதல் படம் தெளிவாக அமையாது. பூச்சிட்ட எம்டிஎஃப் பலகைகளில் மட்டுமே அது சிறக்கும். செதுக்கிய மரத்தில் பெயர் பொறிக்க லேசர் செதுக்கு கருவியே ஏற்றது.

அடையாள அட்டை. பள்ளிகள், சிறு மருத்துவமனைகள், கடைகள் ஆகியவற்றின் பணியாளர் மற்றும் மாணவர் அட்டைகள் இதன் முறையான சந்தை. சூன் மாதப் பள்ளித் திறப்பை ஒட்டி வேலை குவிந்து, பிற மாதங்களில் குறைவது இதன் இயல்பு.

ஒரு பிரதிக்கான செலவு

ரிப்பன் வகையில் படம் எவ்வளவு இருண்டதாக இருந்தாலும் வெளிறியதாக இருந்தாலும் ஒரே அளவு ரிப்பன் செலவாகும். எனவே ஒரு பிரதியின் அடக்கவிலை மாறாது, கணக்கிடுவது எளிது. டிஎன்பி ஆர்எக்ஸ்1 எச்எஸ் பொறியின் ஒரு சுருளில் 4 × 6 அங்குலப் பிரதிகள் 700 கிடைக்கும். ஒரு பெட்டியில் இரண்டு சுருள்கள் இருக்கும். செல்ஃபி பொறியின் பெரிய பொதியில் 108 தாள்களும் தலா 36 பிரதிகளுக்கான மூன்று ரிப்பன் பெட்டிகளும் உள்ளன. முன்னதில் ஒரு பிரதியின் விலை குறைவு, ஆனால் ஒரே முறையில் 1,400 பிரதிகளுக்கான பணத்தை முடக்க வேண்டும். பின்னதில் ஒரு பிரதியின் விலை கூடுதல், ஆனால் முடங்கும் பணம் குறைவு.

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் கணக்கிடும் முறையை அறிவது பயனுள்ளது. எடுத்துக்காட்டாக, பொறியின் விலை ரூ. 60,000, ஒரு பிரதிக்கான தாளும் ரிப்பனும் ரூ. 12, உறை, மின்சாரம் முதலிய பிற செலவு ரூ. 3, எட்டுப் படங்கள் கொண்ட ஒரு தாளின் விற்பனை விலை ரூ. 60 எனக் கொள்வோம். ஒரு தாளில் மிஞ்சுவது ரூ. 45. பொறியின் விலையை மீட்க 60,000-ஐ 45-ஆல் வகுக்க, சுமார் 1,334 தாள்கள் விற்க வேண்டும். நாளொன்றுக்கு 5 தாள்கள், மாதம் 25 நாள்கள் எனில் ஏறக்குறைய 11 மாதங்கள் ஆகும். மலையூர் ஒன்றில் நாளொன்றுக்கு 2 தாள்களே விற்றால் 27 மாதங்கள் ஆகும். கடை வாடகையும் கடன் வட்டியும் இக்கணக்கில் சேரவில்லை. இத்தகைய இடத்தில் விலை குறைந்த சிறு பொறியே, ஒரு பிரதிக்குக் கூடுதல் செலவானாலும், பாதுகாப்பானது.

மக் தொழிலில் பழுதாகும் பொருளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு மக்கின் விலை ரூ. 80, மையும் தாளும் ரூ. 10, அட்டைப்பெட்டி ரூ. 15, விற்பனை விலை ரூ. 200 எனக் கொண்டால் மேலோட்டமாக ரூ. 95 மிஞ்சும். பத்தில் ஒன்று பழுதானால் பத்து மக்குகளுக்கு ரூ. 900, விற்ற ஒன்பதுக்குப் பெட்டி ரூ. 135, மொத்தச் செலவு ரூ. 1,035. வரவு ரூ. 1,800. விற்ற ஒரு மக்கில் உண்மையில் மிஞ்சுவது ரூ. 85. தொடக்க மாதங்களில் பழுது இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மின்சாரமும் தட்பவெப்பமும்

ரிப்பன் வகைப் பொறி அச்சிடும்போது மின்சாரம் தடைபட்டால் அந்தத் தாளும் ரிப்பன் பகுதியும் வீணாகும். ஆகவே பொறியின் உச்ச மின்தேவையைத் தாங்கும் யுபிஎஸ் அவசியம். செல்ஃபி போன்ற சிறு பொறிகளுக்குத் தனி மின்கலம் வாங்க முடியும் என்பதால், அவற்றை மலையூர்களுக்கும் திருவிழாத் திடல்களுக்கும் எடுத்துச் செல்லலாம்.

சூட்டு அழுத்தியின் தேவை மிகப் பெரிது. 15 × 15 அங்குலத் தட்டு அழுத்திகள் பொதுவாக 1,400 வாட்டுக்கு மேல் இழுக்கின்றன. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் கொண்ட சிறிய பிளக் 1,380 வாட் மட்டுமே தாங்கும். எனவே 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற கம்பியும் நில இணைப்பும் தேவை. வீட்டு இன்வெர்ட்டரில் இதனை இயக்க இயலாது. மின்னழுத்தம் குறைவாக வரும் இடங்களில் தட்டு சூடேறக் கூடுதல் நேரமாகும். பொதுவாக 180 முதல் 200 பாகை செல்சியசில் மக்குக்கு மூன்று நிமிடம் அளவிலும், துணிக்கு ஒரு நிமிடம் அளவிலும் சூடு தேவைப்படுகிறது. சூடு குறைந்தால் நிறம் வெளிறும்; மிகுந்தால் துணி மஞ்சளாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தாளும் துணியும் ஈரம் இழுக்கும். ஈரத்தாளில் சூடு பட்டால் ஆவி எழுந்து படத்தின் விளிம்பு கலங்கும். துணியைப் படம் பதிக்கும் முன் சில வினாடிகள் வெறுமனே அழுத்தி ஈரத்தை நீக்குவது வழக்கம். தாள், ரிப்பன் பொதிகளைக் காற்றுப் புகாத பெட்டியில் வைக்க வேண்டும். கோடைக் காலத்தில் தகரக் கூரைக் கடைகளில் ரிப்பனை வைப்பது அதனைக் கெடுக்கும். சாலையோரக் கடைகளில் தூசு மற்றொரு சிக்கல். ரிப்பனுக்கும் தாளுக்கும் இடையே சிக்கும் ஒரு தூசு, படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

மை வகைப் பொறியில் வேறொரு இடர் உண்டு. வேலையின்றிப் பல நாள் கிடந்தால் அச்சுமுனையின் நுண்துளைகளில் மை உறைந்து அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஓரிரு முறையாவது வண்ணச் சோதனைத் தாள் அச்சிட வேண்டும். பருவத்துக்கு மட்டும் வேலை வரும் கடைக்கு இது கூடுதல் செலவு. ரிப்பன் வகைப் பொறிகள் மாதக்கணக்கில் சும்மா இருந்தாலும் இவ்வாறு கெடுவதில்லை.

வாங்கும் முன் சோதித்தல்

விற்பனையாளர் காட்டும் மாதிரிப் படங்கள் எப்போதும் சிறப்பாகவே இருக்கும். வாங்குபவர் தம் படங்களை எடுத்துச் சென்று அச்சிட்டுப் பார்ப்பதே நம்பத்தக்கது. கருமை நிற முகம், பட்டுப் புடவையின் அடர் சிவப்பு, வெள்ளை வேட்டியின் மடிப்பு, கறுப்பு வெள்ளைப் படம் ஆகிய நான்கும் பொறியின் தரத்தை விரைவில் வெளிப்படுத்தும். கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை அல்லது சிவப்புச் சாயல் தெரிந்தால் வண்ண அமைப்புச் சரியில்லை எனப் பொருள். பனியனாயின் பலமுறை துவைத்துப் பார்க்கலாம். மலிவு மையில் அச்சான படத்தின் பாதியை மறைத்துச் சில வாரம் வெயிலில் வைத்தால் நிறம் வெளுப்பது தெரியும்.

பழைய பொறி வாங்குவோர் அது இதுவரை அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கையை மென்பொருளில் பார்க்க வேண்டும். ஒரே நிறச் சாம்பல் படம் அச்சிட்டால், தாள் நகரும் திசையில் மெல்லிய வெள்ளைக் கோடு தென்படக்கூடும். வெப்ப அச்சுமுனையில் ஒரு புள்ளி செயலிழந்ததன் அடையாளம் அது. அச்சுமுனையை மாற்றும் செலவு பழைய பொறியின் விலையை நெருங்கலாம். சில பொறிகள் குறிப்பிட்ட நாட்டுச் சந்தைக்கான ரிப்பனை மட்டுமே ஏற்கும். ஆகையால் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பொறிக்கு இங்குக் கிடைக்கும் ரிப்பன் பொருந்துமா என்பதை முன்னரே உறுதி செய்தல் வேண்டும். பழுதுபார்க்கும் இடம் சேலத்திலா சென்னையிலா, மாற்றுப் பொறி தருவார்களா, உத்தரவாதம் அச்சுமுனைக்கும் உண்டா ஆகிய கேள்விகளுக்கு எழுத்து வடிவில் விடை பெறுவது நல்லது.

தனியுரிமையும் சட்டமும்

ரிப்பனில் ஒருமுறை பயன்பட்ட பகுதி மீண்டும் பயன்படாது; அச்சான படத்தின் எதிர்நிழல் அதில் அப்படியே தங்கிவிடும். அட்டைப் பொறியின் ரிப்பனில் பெயர், பிறந்த நாள், எண் ஆகியவற்றையும் படிக்க முடியும். பயன்படுத்திய ரிப்பனை முழுதாகக் குப்பையில் எறிவது, நூற்றுக்கணக்கான மாணவர்களின் படத்தையும் விவரத்தையும் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும். அதனைத் துண்டு துண்டாக வெட்டியே அகற்ற வேண்டும். கடைக் கைப்பேசியிலும் கணினியிலும் சேரும் படங்களை வேலை முடிந்ததும் அழிப்பதும் இதே கடமையின் பகுதி.

ஆதார் விவரங்களைத் திறந்த சந்தையில் பிவிசி அட்டையில் அச்சிடுவதைத் தாம் ஊக்குவிப்பதில்லை என்றும், அவற்றில் பாதுகாப்புக் கூறுகள் இல்லை என்றும் இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் 2022 சனவரியில் அறிவித்தது. பாதுகாப்புக் கூறுகள் கொண்ட அட்டையை ஆணையத்திடமே கட்டணம் செலுத்திப் பெறலாம். எனவே அரசு அட்டைகளை அச்சிடும் வருவாயை நம்பி அட்டைப் பொறி வாங்குவது நிலையற்ற அடித்தளமாகும்.

நிதியுதவி

பிரதமரின் முத்ரா திட்டம் 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்டது. இதன் சிசு பிரிவில் ரூ. 50,000 வரையும், கிசோர் பிரிவில் ரூ. 5 இலட்சம் வரையும் பிணையின்றிக் கடன் பெற வழியுண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் ஊரகப் பகுதியில் பொதுப் பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 25 விழுக்காடும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடும் மானியம் வழங்கப்படுகிறது. தமிழ்நாடு அரசு 2023-இல் அறிமுகப்படுத்திய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 35 விழுக்காடு முதலீட்டு மானியத்துடன் வட்டி மானியமும் அளிக்கிறது. கல்வராயன் மலையின் பழங்குடித் தொழில்முனைவோர் இதற்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். இவற்றுக்குச் சாதிச் சான்று, விலைப்புள்ளி, திட்ட அறிக்கை ஆகியவை தேவைப்படும்.

மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மிஞ்சிய பெரிய பொறியை வாங்குவது பிழை. மானியம் போக எஞ்சிய தொகைக்கு மாதத் தவணை உண்டு; அது வேலையற்ற மாதங்களிலும் வரும்.

தெரிவின் சுருக்கம்

- கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் போன்ற நகரங்களில் நாள்தோறும் படம் எடுக்கும் நிலையம்: சுருள் தாள் பயன்படுத்தும் ரிப்பன் வகைப் பொறி.
- வெள்ளிமலை, கரியாலூர் போன்ற மலையூர்களில் நகல் எடுக்கும் கடையுடன் சேர்ந்த சிறு சேவை: மின்கலத்தில் இயங்கக்கூடிய சிறு ரிப்பன் பொறி.
- திருவிழா, திருமண நிகழ்வு: விரைவாக அச்சிடும் ரிப்பன் பொறியும் யுபிஎஸ்-உம்.
- பரிசுப் பொருள், சீருடை: ஏ4 அல்லது ஏ3 மை வகைப் பொறி, சூட்டு அழுத்தி, 16 ஆம்பியர் மின் இணைப்பு.
- பள்ளி, நிறுவன அட்டைகள்: அட்டை அச்சுப்பொறி. பள்ளிகளிடம் முன்கூட்டியே உறுதி பெற்ற பின்னரே வாங்கத்தக்கது.

முதலீடு செய்யும் முன் இரண்டு அல்லது மூன்று மாதங்கள் வாடிக்கையாளரின் வேலைகளை மட்டும் பெற்று, அருகிலுள்ள நகரத்தில் பொறி வைத்திருப்பவரிடம் கொடுத்து அச்சிட்டு வாங்கித் தரலாம். அதில் ஈட்டும் இலாபம் சிறிது. ஆயினும் எந்த வேலை எத்தனை வருகிறது என்ற உண்மையான எண்ணிக்கை கையில் கிடைக்கும். மேலே கூறிய கணக்கில் ஊகத்துக்குப் பதிலாக அவ்வெண்ணை இட்டுப் பார்த்த பின்னரே பொறி வாங்குவது பொருத்தமானது.